அரசுப் பணம் கண்ணெதிரே வீணாகிறதா? ஆர்டிஐ முதல் நீதிமன்றம் வரை, எந்த வழி எப்போது?

"நன்றாக இருக்கிற சாலை மேலேயே மறுபடியும் தார் ஊற்றுகிறார்கள், யாரிடம் சொல்வது?" "ஊரில் கட்டிடம் கட்டி வருடக்கணக்கில் பூட்டிக் கிடக்கிறது, கேஸ் போடலாமா?" இந்த மாதிரி கேட்பவர்களுக்குச் சுற்றி இருக்கிறவர்கள் ஆளுக்கொரு பதில் சொல்லி அனுப்புகிறார்கள். ஒருவர் ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு) போடு என்பார், ஒருவர் கலெக்டரிடம் மனு கொடு என்பார், இன்னொருவர் நேராக ஹைகோர்ட்டுக்குப் போ என்பார். எல்லாமே இருக்கிற வழிகள்தான், ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேலைக்கானது. தவறான வழியில் இறங்கினால் ஒரு வருடம் ஓடிவிடும், அதற்குள் கான்ட்ராக்டருக்குக் கடைசி பில்லும் போய்விடும், அப்புறம் கேட்டு என்ன பயன்?

தொடங்கும் முன் ஒன்று. "நான் வருமான வரியே கட்டுவதில்லை, இது என் பணமா?" என்று தயங்குகிறவர்கள் நிறைய. சோப்பு வாங்கினாலும் போனுக்கு ரீசார்ஜ் செய்தாலும் ஜிஎஸ்டி கட்டுகிறீர்கள், பெட்ரோலில் மத்திய வரியும் மாநில வரியும் சேர்த்தே கொடுக்கிறீர்கள், அரசு கடன் வாங்கிச் செலவழித்தால் அதற்கு வட்டியும் இதே வரியிலிருந்துதான் போகிறது. கேட்க இதற்கு மேல் தகுதி வேண்டியதில்லை.

## எது வீண், எது நமக்குப் பிடிக்காத செலவு

இதை முதலில் பிரிக்காமல் போனால் எந்த வழியும் உதவாது. நாம் வீண் செலவு என்று சொல்வதில் குறைந்தது ஐந்து வகை கலந்து கிடக்கிறது. வேலையே நடக்காமல் பணம் எடுத்தது ஒன்று. நடந்தது, ஆனால் விலை கூட, தரம் குறைவு என்பது இரண்டாவது. தேவையே இல்லாத வேலை என்பது மூன்றாவது. வேலை முடிந்தது, பயன்பாட்டுக்கு வரவில்லை என்பது நான்காவது. ஐந்தாவது, சட்டப்படி எல்லாம் சரியாகவே நடந்த, ஆனால் நமக்கு உடன்பாடில்லாத திட்டம்.

இந்த ஐந்தாவதைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றம் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2006 தேர்தலில் திமுக இலவச கலர் டிவி தருவதாகச் சொன்னது, 2011-ல் அதிமுக மிக்சி, கிரைண்டர், மின்விசிறி தருவதாகச் சொன்னது. இது பொதுப் பணத்தை வீணாக்குவது என்று சுப்பிரமணியம் பாலாஜி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் தீர்ப்புச் சொன்னது: தேர்தல் அறிக்கை வாக்குறுதி சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது, இப்படிப்பட்ட பொருள்களைக் கொடுப்பது அரசின் கொள்கை முடிவு, அதில் நீதிமன்றம் தலையிடாது. தேர்தல் அறிக்கைகளுக்கு நெறிமுறை வகுக்கும்படி மட்டும் தேர்தல் ஆணையத்திடம் சொன்னது. இலவசங்கள் சரியா தப்பா என்பது இங்கே பேச்சு இல்லை. கொள்கை பிடிக்காவிட்டால் எம்எல்ஏவிடமும் வாக்குச் சாவடியிலும்தான் பேச முடியும், மற்ற நான்கு வகைக்குத்தான் கீழே சொல்லப்போகும் வழிகள்.

## எதை வைத்து எடை போடுவது

கைக்காசு எவ்வளவு போகும் என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அது உண்மையில் கடைசி அளவுகோல். முதலில் பார்க்க வேண்டியது வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது: டெண்டர் விடவில்லையா, வேலை நடக்கிறதா, பில் போய்விட்டதா? அடுத்தது, உங்களுக்கு என்ன வேண்டும். செலவை நிறுத்தவா, போன பணத்தை மீட்கவா, தப்பு செய்தவருக்குத் தண்டனை வாங்கவா, இல்லை அடுத்த முறை நடக்காமல் பார்க்கவா? இந்த நான்கையும் ஒரே மனுவில் கேட்கிறவர்கள் நான்கையும் கோட்டை விடுவார்கள். மூன்றாவது, கையில் என்ன காகிதம் இருக்கிறது. நான்காவது, ஊரில் உங்களுக்கு வரக்கூடிய பகை. இது சின்ன விஷயம் இல்லை, கீழே தனியாகச் சொல்கிறேன்.

| வழி | கைச்செலவு | காலம் | கிடைப்பது | வெளியே தெரியாத விலை |
|---|---|---|---|---|
| ஆர்டிஐ | ரூ.10, நகல் செலவு | 30 நாள். மேல்முறையீடு என்றால் மிக நீளும் | ஆவணம் மட்டும் | உங்கள் பெயர் வெளியே தெரியும் |
| கிராம சபை | எதுவும் இல்லை | கூட்டம் நடக்கும் நாள் | ஊர் முன் பதில், தீர்மானம் | ஆள் திரட்டும் உழைப்பு, நேரடிப் பகை |
| மனு | தபால் செலவு | சில வாரம் | கவனம், பதிவு | யார் மேல் புகாரோ அவரிடமே போகலாம் |
| தணிக்கை | எதுவும் இல்லை | வருடக்கணக்கு | அதிகாரபூர்வக் கண்டுபிடிப்பு | உங்கள் கையில் கட்டுப்பாடு இல்லை |
| லஞ்ச ஒழிப்புத் துறை | எதுவும் இல்லை | மாதங்கள் முதல் வருடங்கள் | விசாரணை, வழக்கு | முன் அனுமதித் தடை, சாட்சியாக அலைச்சல் |
| பொதுநல வழக்கு | வக்கீல், பயணம், நகல் | இடைக்காலத் தடை சீக்கிரம், தீர்ப்பு தாமதம் | கட்டுப்படுத்தும் உத்தரவு | தோற்றால் அபராதம் வரலாம் |

## ஆர்டிஐ: எல்லாவற்றுக்கும் அடித்தளம், ஆனால் முடிவு அல்ல

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12-ல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. மாநில அரசு அலுவலகம் என்றால் வெள்ளைத் தாளில் எழுதி 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், மத்திய அரசு அலுவலகம் என்றால் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை, அது சட்டத்திலேயே இருக்கிறது. தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் அவர்கள்தான் 5 நாளுக்குள் சரியான இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் அதன் பிறகு தரும் தகவலுக்கு நகல் கட்டணம் வாங்கக் கூடாது, தகுந்த காரணம் இல்லாமல் தாமதம் செய்த அலுவலருக்கு நாளைக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை தகவல் ஆணையம் அபராதம் போடலாம்.

பெரும்பாலான மனுக்கள் தோற்பது கேள்வி கேட்கும் விதத்தில். "ஏன் இந்தச் சாலையை மறுபடி போட்டீர்கள்?" என்று கேட்டால் பதில் வராது, சட்டப்படி வரவும் வேண்டியதில்லை. இருக்கிற ஆவணத்தைத் தர வேண்டுமே தவிர, விளக்கமோ கருத்தோ உருவாக்கித் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் சொல்லிவிட்டது. அதனால் காகிதத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். சாலை வேலை என்றால் நான் கேட்கச் சொல்வது இவை: நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, மதிப்பீடு என்கிற எஸ்டிமேட், பணி ஆணை, அளவுப் புத்தகம் என்கிற எம்-புக்கின் சம்பந்தப்பட்ட பக்கங்கள், பில்கள், தரப் பரிசோதனை அறிக்கை, குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (குறை வந்தால் கான்ட்ராக்டரே சரி செய்ய வேண்டிய காலம்) எந்தத் தேதி வரை என்ற விவரம். இதில் உயிர் எம்-புக். எவ்வளவு நீளம், எவ்வளவு கனம் போட்டதாக இன்ஜினியர் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்பது அதில்தான் இருக்கிறது, பணம் போவதும் அதை வைத்துத்தான். டேப் எடுத்துக்கொண்டு போய் நீங்களே அளந்து ஒப்பிடலாம்.

அதிகம் பேர் பயன்படுத்தாத ஒரு பிரிவு 2(ஜே). அதன்படி வேலை நடக்கும் இடத்தையும் கோப்புகளையும் நேரில் பார்வையிடலாம், பயன்படுத்திய பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியையும் கேட்டு வாங்கலாம். ஆமாம், சாலையிலிருந்து ஒரு துண்டை அதிகாரபூர்வமாகக் கேட்டு வாங்க முடியும். நூற்றுக்கணக்கான பக்கம் நகல் கேட்பதைவிட ஒரு மதியம் போய் உட்கார்ந்து கோப்பைப் புரட்டி, வேண்டிய பத்துப் பக்கத்தை மட்டும் நகல் எடுப்பது மலிவு, அதோடு எந்தக் காகிதம் இல்லை என்பதும் அங்கேதான் தெரியும்.

இனி குறைகள். முதல் மேல்முறையீடு 30 நாளுக்குள் அதே துறையின் மேலதிகாரிக்கு, இரண்டாவது 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு. அங்கே தேங்கிக் கிடக்கும் மனுக்களைத் தாண்டி உங்கள் முறை வர மிக நீண்ட காலம் ஆகலாம். தவிர, 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆர்டிஐயின் 8(1)(ஜே) பிரிவை மாற்றியது. தனிநபர் தகவலை மறுக்க முன்பு இருந்த நிபந்தனைகளை எடுத்துவிட்டு மறுப்பைச் சுலபமாக்கியது, இது சரியில்லை என்பதுதான் என் கருத்து. பொது நலன் பெரிதாக இருந்தால் தகவல் தரலாம் என்ற 8(2) இன்னும் சட்டத்தில் இருக்கிறது, மனுவில் அதைக் குறிப்பிடுங்கள். ஆட்களைப் பற்றிக் கேட்காமல் வேலையைப் பற்றிக் கேட்டால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது.

மனு போடும் முன் இணையத்தில் தேடுங்கள். டெண்டர் அறிவிப்புகள் மாநில டெண்டர் தளத்தில் இருக்கும், ஊராட்சிகளின் திட்டமும் பணம் வழங்கிய விவரமும் இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் இருக்கும். ஒரு மாதம் காத்திருந்து வாங்கப்போகும் தகவல் அங்கேயே கிடக்கலாம்.

## கிராம சபை: மலிவும் வலிவும், ஆனால் ஆள் வேண்டும்

தமிழ்நாட்டில் கிராம சபை முன்பு வருடத்துக்கு நான்கு முறை: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. 2022-ல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்து ஆறாக்கினார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற எல்லோரும் உறுப்பினர்கள். 1994-ன் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சியின் வரவு செலவும் தணிக்கை அறிக்கையும் அங்கே வைக்கப்பட வேண்டும். பெரும்பாலான ஊரில் அரை மணி நேரத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு முடித்துவிடுகிறார்கள், அதற்குக் காரணம் அதிகாரிகள் மட்டும் இல்லை, யாரும் காகிதத்தோடு வருவதில்லை.

காகிதத்தோடு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு ராஜஸ்தானைப் பார்க்க வேண்டும். அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் ஆகியோர் கிராமத்து மக்களோடு சேர்ந்து 1990-ல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் மக்கள் விசாரணை நடந்தது. அவர்கள் செய்தது ஒன்றே ஒன்று: வேலைக்கு வந்தவர்கள் பட்டியலையும் பில்களையும் ஊர் முன்னால் சத்தமாகப் படித்தார்கள். வேலைக்கே போகாதவர்கள் பெயரில் கூலி எழுதியிருந்தது, கட்டி முடிக்காத கட்டிடத்துக்கு முடிந்ததாகக் கணக்கு இருந்தது, எல்லாம் அந்த ஊர்க்காரர்கள் வாயாலேயே வெளியே வந்தது. "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்ற முழக்கம் அந்தப் போராட்டத்தில் பிறந்ததுதான், 1996-ல் பியாவரில் 40 நாள் தர்ணா நடந்தது, அந்த அலைதான் பின்னால் ஆர்டிஐ சட்டமாக வந்து நின்றது. நூறு நாள் வேலைத் திட்டச் சட்டத்தின் 17-வது பிரிவு, மக்களே கணக்கைச் சரிபார்க்கும் சமூகத் தணிக்கையைக் கிராம சபையிடம் ஒப்படைத்ததும் இதே அனுபவத்தால்தான்.

நம் ஊரில் இதைச் செய்ய என்ன வேண்டும்? முதலில் குறைந்தபட்ச வருகை. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். அப்புறம் நீங்கள் கேட்ட கேள்வியும் வந்த பதிலும் தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும், ஏறியதை அங்கேயே வாசிக்கச் சொல்லுங்கள், போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். பல நாள் கழித்து அந்தத் தீர்மானத்தின் நகலை ஆர்டிஐயில் கேட்டால் வேறு வாசகம் வருவதைத் தடுக்க இதுதான் வழி.

இதன் மறைமுக விலை, பக்கத்து வீட்டுக்காரரையே எதிர்த்துப் பேச வேண்டி வரும். ஊராட்சித் தலைவர் உறவினராக இருப்பார், கான்ட்ராக்டர் உங்கள் பிள்ளையோடு படித்தவராக இருப்பார். பலர் இதனாலேயே ஆர்டிஐ பக்கம் போகிறார்கள், அது புரிகிறது. ஊராட்சி அளவிலான செலவுக்கு மட்டும்தான் இந்த வழி என்பதும் நினைவில் இருக்கட்டும். நெடுஞ்சாலைத் துறை போடும் சாலையைப் பற்றித் தீர்மானம் போட்டால் அது கோரிக்கை, அவ்வளவுதான்.

நகரத்தில் இருப்பவர்களுக்கு இதற்கு ஈடாகப் பகுதி சபையும் வார்டு கமிட்டியும் உண்டு. 2022-க்குப் பிறகு வந்தவை, கிராம சபை அளவுக்கு இன்னும் ஊன்றவில்லை. கவுன்சிலரைக் கேட்டால் பகுதி சபை எப்போது நடக்கிறது என்று தெரியும், இரண்டு மூன்று முறை கேட்க வேண்டியிருக்கும்.

## மனு: தனியாகப் பலமில்லை, ஆனால் தவிர்க்கவும் கூடாது

திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாள், முதல்வர் தனிப்பிரிவு, ஆன்லைன் மனு எல்லாம் இதில் அடங்கும். பெரும்பாலும் மனு கீழே இறங்கி, நீங்கள் யார் மேல் புகார் சொன்னீர்களோ அவர் மேசைக்கே வந்து, "உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று முடிந்துவிடும். இருந்தாலும் கொடுங்கள், ஒப்புகைச் சீட்டோடு. பின்னால் நீதிமன்றம் போனால் அதிகாரியிடம் முறையிட்டீர்களா என்றுதான் முதலில் கேட்பார்கள். வேலை நடந்துகொண்டிருக்கும்போது செயற்பொறியாளருக்குத் தேதி போட்ட படத்தோடு ஒரு பதிவுத் தபால் போனால், பில்லில் கையெழுத்துப் போடும் கை கொஞ்சம் தயங்கும்.

## தணிக்கை: மெதுவானது, ஆனால் மறுக்க முடியாதது

மாநில அரசின் கணக்கை சிஏஜி என்கிற இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் தணிக்கை செய்கிறார், அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்படுகிறது, பொதுக் கணக்குக் குழு அதை ஆராய்கிறது. நகராட்சி, மாநகராட்சிக் கணக்கை உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை பார்க்கிறது. சிஏஜி அறிக்கையில் தவிர்த்திருக்கக்கூடிய செலவு, பயனற்ற செலவு என்று தனித்தனியாகப் பிரித்து எழுதியிருப்பார்கள், சில பக்கங்களைப் படித்தாலே அரசுப் பணம் எப்படியெல்லாம் கசிகிறது என்று கண் திறக்கும். யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம்.

இதில் உங்களால் விசாரணையைத் தொடங்க வைக்க முடியாது, கடிதம் எழுதிக் கவனத்துக்குக் கொண்டுவரலாம், எடுப்பதும் விடுவதும் அவர்கள் முடிவு. ஆனால் நிறையப் பேருக்குத் தெரியாத ஒரு சுருக்குவழி இருக்கிறது. உங்கள் நகராட்சியின் மேல் எழுப்பப்பட்ட தணிக்கைத் தடைகளையும் (தணிக்கையாளர் எழுதும் ஆட்சேபங்கள்), அவற்றில் இன்னும் தீர்க்கப்படாதவற்றையும் ஆர்டிஐயில் கேளுங்கள். அரசின் ஆளே எழுதிய குற்றச்சாட்டு அது, நீங்கள் புதிதாக எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை, "இந்தத் தடைக்கு என்ன பதில் கொடுத்தீர்கள், பணம் வசூலானதா?" என்று மட்டும் கேட்டால் போதும். பத்து ரூபாய்க்கு இதைவிடப் பெரிய பலன் எனக்குத் தெரிந்து இல்லை.

ஒரு எச்சரிக்கை. தணிக்கையில் இழப்பு என்று வந்தால் அது குற்றம் நிரூபணமானதாக ஆகாது. செல்போன் அலைக்கற்றை ஒதுக்கீடு பற்றிய 2ஜி விவகாரத்தில் 2010-ல் சிஏஜி 1.76 லட்சம் கோடி ரூபாய் வரை இழப்பு என்று மதிப்பிட்டார், 2012-ல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது, 2017 டிசம்பரில் சிபிஐ சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட எல்லோரையும் விடுவித்தது, அதன் மேல் மேல்முறையீடும் போனது. கணக்குக்கு ஒரு அளவுகோல், ஒதுக்கீட்டு முறைக்கு ஒரு அளவுகோல், கிரிமினல் வழக்குக்கு வேறொரு அளவுகோல். அடுத்த வழிக்கும் இது மிக முக்கியம்.

## லஞ்ச ஒழிப்புத் துறை: பணம் யார் கைக்குப் போனது என்று காட்ட முடிந்தால் மட்டும்

வீண் செலவைப் பார்த்ததும் பலருக்கு நினைவு வருவது இதுதான், ஆனால் ஐந்து வகையில் முதல் வகைக்கும் இரண்டாவதில் ஒரு பகுதிக்கும்தான் இது பொருந்தும். ஊழல் தடுப்புச் சட்டம் 1988-ல் முன்பு 13(1)(டி) என்று ஒரு பிரிவு இருந்தது. பொது நலன் எதுவும் இல்லாமல் அடுத்தவருக்குப் பண லாபம் கிடைக்கச் செய்தாலே அதிகாரி மாட்டிக்கொள்ளலாம். 2018 திருத்தத்தில் அதை நீக்கிவிட்டார்கள். நேர்மையான அதிகாரியும் முடிவெடுக்கப் பயப்படுகிறார் என்பது அதற்குச் சொன்ன காரணம், அதில் நியாயம் கொஞ்சம் உண்டு. ஆனால் நமக்கு அதனால் வந்த விளைவு, அரசுப் பணத்தைச் சுருட்டினார் அல்லது தன்னை வளப்படுத்திக்கொண்டார் அல்லது லஞ்சம் வாங்கினார் என்று காட்டினால்தான் வழக்கு நிற்கும். முட்டாள்தனமான முடிவு, அலட்சியம் இதற்கெல்லாம் இந்தச் சட்டத்தில் இடமில்லை.

அதே திருத்தம் 17ஏ என்ற பிரிவையும் கொண்டுவந்தது, அலுவலர் தன் பணியில் எடுத்த முடிவைப் பற்றி விசாரிக்கவே அரசின் முன் அனுமதி வேண்டும். கையும் களவுமாகப் பிடிப்பதற்கு மட்டும் விலக்கு. அதனால் "இன்னார் ஊழல் செய்கிறார்" என்று பொதுவாக எழுதினால் புகார் அங்கேயே நிற்கும். எம்-புக் நகல், நீங்கள் அளந்த அளவு, தேதியிட்ட படம், பில் தொகை, கையெழுத்துப் போட்டவர் பதவி, இவை வரிசையாக இருந்தால் எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். எடுத்துக்கொண்டால் நீங்கள் சாட்சி, வருடக்கணக்கில் நீதிமன்றத்துக்குப் போக வேண்டி வரும் என்பதையும் முன்பே யோசியுங்கள்.

## பொதுநல வழக்கு: அவசரத்துக்கும் பொது விதிக்கும்

அரசியலமைப்பின் 226-வது பிரிவில் உயர் நீதிமன்றம் போகலாம், தென் மாவட்டங்களுக்கு மதுரைக் கிளை. இது இரண்டு இடத்தில் நன்றாக வேலை செய்கிறது. ஒன்று, விதி அப்பட்டமாக மீறப்பட்டு, இப்போது தடுக்காவிட்டால் பெரிய தொகை போய்விடும் என்ற நிலை. உதாரணமாக, 1998-ன் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000-ன் விதிகளும் இரண்டு கோடி ரூபாய் வரையான டெண்டருக்குக் குறைந்தது 15 நாளும் அதற்கு மேல் 30 நாளும் அவகாசம் கேட்கின்றன. தகுந்த காரணம் எழுதி வைக்காமல் அதைக் குறைத்திருந்தால் வாதாட இடம் இருக்கிறது. இரண்டு, எல்லோருக்கும் பொருந்தும் ஒரு விதி வேண்டும் என்ற நிலை. அரசு விளம்பரங்களில் பொதுப் பணத்தில் தலைவர்கள் படம் போடுவதை எதிர்த்து காமன் காஸ் அமைப்பு தொடுத்த வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றம் யார் படம் போடலாம் என்று கட்டுப்பாடு விதித்தது. அடுத்த வருடமே முதல்வர்கள், அமைச்சர்கள் படத்துக்கு அனுமதி கொடுத்துத் தளர்த்தியதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வென்றாலும் முழுதாக நிற்கும் என்று உறுதி இல்லை.

இந்தச் சாலை தேவையா, அந்தச் சிலை தேவையா என்று நீதிபதி முடிவு செய்ய மாட்டார். விளம்பரத்துக்காகவோ சொந்தப் பகைக்காகவோ போட்ட வழக்கு என்று தோன்றினால் அபராதம் விதிக்கச் சொல்லி 2010-லேயே உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. வக்கீல் கட்டணம் வாங்காமல் வந்தாலும் நகல், மொழிபெயர்ப்பு, பயணம் என்று செலவு சேர்ந்துகொண்டே போகும். நான் பெரும்பாலானவர்களுக்கு இதைக் கடைசியாகத்தான் வைப்பேன்.

## பகை என்கிற விலை

கிர் காட்டுப் பகுதியில் சட்டவிரோதச் சுரங்கத்தைப் பற்றித் தகவல் கேட்டு வழக்கும் நடத்திய அமித் ஜேத்வா, 2010 ஜூலையில் குஜராத் உயர் நீதிமன்றத்துக்கு எதிரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். தகவல் கேட்டதற்காகத் தாக்கப்பட்டவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை. ஊழலை வெளிப்படுத்துபவர் பாதுகாப்புச் சட்டம் 2014-ல் நிறைவேறியும் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை, இது எனக்குத் தாங்க முடியாத கோபத்தைத் தருகிற விஷயம்.

அதனால் ஒரே ஆளாக எழுதாதீர்கள். ஒரே கேள்வியை ஐந்து பேர் தனித்தனியாகக் கேட்டால் யாரைக் குறிவைப்பது என்று தெரியாது. வெளியூரில் இருக்கும் நண்பர் பெயரிலும் போடலாம், இந்தியக் குடிமகன் யாராக இருந்தாலும் எந்த ஊரைப் பற்றியும் கேட்கலாம். முகவரிக்குத் தபால் பெட்டி எண் கொடுத்தாலே போதும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2013-ல் சொல்லியிருக்கிறது. மணல், கல் குவாரி, பெரிய நிலம் சம்பந்தப்பட்டது என்றால் உள்ளூரில் ஒரு அமைப்போ வக்கீலோ கூட இல்லாமல் இறங்கவே வேண்டாம்.

## உங்கள் நிலைமைக்கு எது?

டெண்டர் இப்போதுதான் வந்திருக்கிறது. ஆர்டிஐக்கு நேரமில்லை, 30 நாள் கழித்துப் பதில் வரும்போது வேலை தொடங்கியிருக்கும். டெண்டர் தளத்தில் ஆவணத்தை இறக்கிப் படியுங்கள், குறையைக் குறிப்பிட்டு டெண்டர் விட்ட அதிகாரிக்கும் அவர் மேலதிகாரிக்கும் உடனே எழுதுங்கள். தொகை பெரிது, விதிமீறல் தெளிவு என்றால் மட்டும் நீதிமன்றம்.

வேலை நடந்துகொண்டிருக்கிறது. இதுதான் பொன்னான நேரம், இதைத்தான் எல்லோரும் வீணடிக்கிறோம். பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தார் போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலர் இறையன்பு துறைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். சுரண்டாமல் போட்டால் சாலை உயர்ந்து மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வரும், நீங்களே பார்த்திருப்பீர்கள். சுரண்டும் வேலைக்கு எஸ்டிமேட்டில் பணம் ஒதுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஒதுக்கிவிட்டு வெறுமனே மேலே ஊற்றினால் அது செய்யாத வேலைக்கு வாங்கும் பணம். அன்றே வீடியோ எடுத்து, உதவிப் பொறியாளருக்கும் செயற்பொறியாளருக்கும் பதிவுத் தபால் அனுப்பி, கூடவே ஆர்டிஐயில் மாதிரியும் எம்-புக்கும் கேளுங்கள்.

பில் போய்விட்டது, வேலை இல்லை. ஆர்டிஐ முதலில், அவசரப்படாமல். காகிதம் கையில் வந்ததும் ஊராட்சி என்றால் கிராம சபை, பெரிய துறை என்றால் லஞ்ச ஒழிப்புத் துறை. மாற்றிச் செய்தால், புகார் போன செய்தி கேட்டதும் கோப்பு காணாமல் போகும்.

வேலை நடந்தது, சீக்கிரமே பெயர்ந்துவிட்டது. இங்கே பலர் "புதிய சாலை போடுங்கள்" என்று மனு கொடுத்து, அரசை இரண்டாவது முறை செலவழிக்க வைக்கிறார்கள். குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியவில்லை என்றால் கான்ட்ராக்டர் தன் சொந்தச் செலவில் சரி செய்ய வேண்டும். பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் ஐந்து வருடப் பராமரிப்பும் ஒப்பந்தத்திலேயே சேர்ந்திருக்கிறது, சாலை ஓரத்துப் பலகையில் தேதி இருக்கும். ஒரு மனு போதும், ஆனால் அதில் இந்தத் தேதி இருக்க வேண்டும்.

கட்டி முடித்துப் பூட்டிக் கிடக்கிறது. யார் மேலும் குற்றம் காட்டுவது கடினம், பணமும் திரும்பாது. ஆனால் பெரும்பாலும் ஒரு சின்ன விஷயம்தான் தடையாக இருக்கும்: மின் இணைப்பு, தண்ணீர், ஒரு பணியிடம், ஒப்படைப்புக் கையெழுத்து. எது தடை என்பதை ஆர்டிஐயில் கடிதப் போக்குவரத்தின் நகலாகக் கேட்டு வாங்குங்கள், எந்த அலுவலகத்தில் எந்தத் தேதியிலிருந்து நிற்கிறது என்பது அதில் தெரிந்துவிடும். அந்த அலுவலகத்தின் பெயரையும் தேதியையும் போட்டு அடுத்த கிராம சபையில் தீர்மானம் கேளுங்கள், நகலைக் கலெக்டருக்கும் எம்எல்ஏவுக்கும் அனுப்புங்கள்.